உயிர் இடது கையில், மெய் வலது கையில்

("நாமே செய்துகொள்வதே" என்ற அணியில் மூன்றாவதாகப் பேசிய இயற்பியல் ஆசிரியையின் உரை)

நடுவர் அவர்களே! எனக்கு முன்னாலே பேசிவிட்டு, தீர்ப்பே கைக்கு வந்துவிட்ட மாதிரி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிற எதிரணி அண்ணன் அவர்களே! தொலைக்காட்சியில் முகம் தெரியும் என்பதற்காகவே இன்றைக்கு முன்வரிசைக்கு வந்திருக்கிற என் வீட்டுக்காரர் அவர்களே! (சிரிப்பு)

அண்ணன் என்ன கேட்டார்? "மிக்ஸியை நீங்களே செய்வீங்களா? ஃபேனை நீங்களே செய்வீங்களா? அவனவன் வேலையை அவனவன் செய்யணும். நாம பணத்தைக் கொடுத்து வாங்கிக்கிட்டுப் போகணும்." கைதட்டலும் வாங்கிவிட்டார். அண்ணே, மிக்ஸியை நான் செய்ய மாட்டேன். கடையில் நல்ல மிக்ஸி கிடைக்குது, வாங்கிக்குவேன். என் கேள்வி வேற. கடையில் கிடைக்காத பொருள் ஒண்ணு உங்க வீட்டுக்குத் தேவைப்பட்டா என்ன செய்வீங்க?

இந்தப் பட்டிமன்றம் உங்களுக்கெல்லாம் இன்றைக்கு ஒருநாள். எங்க வீட்டிலே தினமும் நடக்குது. நான் தேவகோட்டைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்திலே இருபத்தேழு வருஷமா இயற்பியல் நடத்துகிறேன். ஒரு பொருள் கெட்டுப்போனா, உடனே திருப்புளியைத் தேடுவேன். என் வீட்டுக்காரர் திருப்புளியைத் தொட மாட்டார். அவர் பொருளைப் பழுது பார்க்க மாட்டார், விலைதான் பார்ப்பார். (சிரிப்பு) நல்ல மனுஷர்ங்க. எங்க அப்பாவுக்காக அவர் செஞ்ச செலவை நான் மறந்தா எனக்கு நாக்கு அழுகிப் போகும். அதையும் சொல்றேன்.

எங்க அப்பா டைப்ரைட்டிங் மாஸ்டர். 1971-லே இன்ஸ்டிட்யூட் ஆரம்பிச்சார். பன்னிரண்டு மெஷின். ரெமிங்டன், ஃபேசிட், கோத்ரெஜ். அதிலே தமிழ் மெஷின் இரண்டு. காலையில் ஆறு மணிக்கு முதல் பேட்ச் உட்கார்ந்தா, தெருவுக்கே அதுதான் சேவல். லோயர், ஹையர் என்று அவர் பாஸ் பண்ண வைத்த பிள்ளைகள் எத்தனை ஆபீஸில் இருக்காங்கன்னு அவருக்கே கணக்குத் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை இன்ஸ்டிட்யூட் லீவு. ஆனா திண்ணையிலே கூட்டம் இருக்கும். மனு அடிக்க வருவாங்க. பட்டா மனு, பென்ஷன் மனு, காணாமப்போன ரேஷன் கார்டுக்கு மனு. காசு வாங்க மாட்டார். "ஒற்றுப் பிழை இல்லாத மனுவைத்தாம்மா அதிகாரி கடைசி வரி வரைக்கும் படிப்பார்" என்பார். அது உண்மையா பொய்யா தெரியாது. அவர் அப்படித்தான் நம்பினார்.

2008-லே இன்ஸ்டிட்யூட்டை மூடினார். மெஷின்களை வித்தாச்சு. ஒரு தமிழ் மெஷினை மட்டும் வீட்டில் வைத்துக்கொண்டார். மனுவும் நிற்கவில்லை.

2021-லே ஒரு விடியற்காலை, படுக்கையை விட்டு எழுந்திருக்கப் பார்த்தவர் இடது பக்கமாகச் சரிந்துவிட்டார். பக்கவாதம். உயிர் பிழைச்சார். கால் கொஞ்சம் கொஞ்சமாய்த் திரும்பியது, கோல் பிடித்து நடக்கிறார். பேச்சு கொஞ்சம் குழறும்; எங்களுக்குப் புரியும். இடது கை மட்டும் திரும்பவில்லை. கை அவரோடுதான் இருக்கு, ஆனா அவர் பேச்சைக் கேட்கறதில்லை.

பதினாலு மாசம் அவர் ஒரு கடுதாசி எழுதவில்லை. திண்ணைக்கு வர்றவங்களும் நின்னுட்டாங்க. ஒருநாள் பள்ளிக்கூடம் விட்டு வந்து காபி கொடுக்கிறேன். "ஏம்மா, பழைய இரும்புக்காரன் வந்தா அந்த மெஷினைப் போட்டுடு" என்றார். வேற ஒண்ணும் சொல்லலை. நான் உள்ளே போய் அழுதுட்டு வந்தேன்.

என் வீட்டுக்காரர் அதைக் கேட்டுட்டார். மறுநாளே காரைக்குடி போய் முப்பதாயிரம் ரூபாய்க்கு ஒரு டேப்லெட் வாங்கிட்டு வந்து, "மாமா, இதிலே தட்ட வேண்டாம், பேசினா அதுவே எழுதிக்கும்" என்று மடியில் வைத்தார். எவ்வளவு ஆசையா வாங்கிட்டு வந்தார் தெரியுங்களா? அப்பா பேசினார். குழறுகிற பேச்சு. அது ஒண்ணு கிடக்க ஒண்ணு எழுதுச்சு. மூணு தடவை சொன்னார், மூணு விதமா எழுதுச்சு. கண்ணாடியைத் தொட்டு எழுதலாம்னா, விரலுக்கு அடியில் ஒண்ணுமே தெரியலை. நாற்பது வருஷம் பார்க்காமலே அடிச்ச விரல் அது. குழி வேணும், மேடு வேணும், அமுங்கணும், சத்தம் வரணும். "மாப்பிள்ளை, மன்னிச்சுக்குங்க" என்று சொல்லி மூடி வைத்துவிட்டார். இவர் முகம் வாடிப்போனதை நான் பார்த்தேன். அதனாலே எதிரணிக்காரங்களுக்கு மனசு இல்லைன்னு நான் சொல்ல மாட்டேன். கடையில் அந்தப் பொருள் இல்லை, அவ்வளவுதான்.

சரி, ஒரு சாதாரண தமிழ் விசைப்பலகை வாங்கிக் கொடுத்தா என்ன? இங்கேதான் நடுவர் அவர்கள் ஒரு விஷயத்தைக் கவனிக்கணும். 1999 பிப்ரவரியிலே சென்னையில் தமிழ்நெட்99 மாநாடு நடந்தது. அதிலே பிறந்த தமிழ்99 விசைப்பலகைதான் தமிழ்நாடு அரசு ஏற்றுக்கொண்டது. ரொம்பக் கெட்டிக்காரத்தனமான அமைப்பு. உயிரெழுத்துகள் எல்லாம் இடது கையில். மெய்யெழுத்து வரிசையில் பெரும்பகுதி வலது கையில். க அடிச்சு ஒ அடிச்சா கொ. ஒரே மெய்யை இரண்டு தடவை அடிச்சா முதல் எழுத்துக்குப் புள்ளி தானே விழும். 'அம்மா' என்று எழுத அ, ம, ம, ஆ. நாலே தட்டு. பழைய மெஷினிலே அஞ்சு.

எங்க அப்பாவுக்குப் போனது எந்தக் கை? இடது கை. அந்தக் கையில் என்ன இருக்கு? உயிர். (சபையில் அமைதி) நான் அந்த விசைப்பலகையை அவர் முன்னால் வைத்து விளக்கினபோது, அவரே சிரிச்சுக்கிட்டு சொன்னார்: "நமக்கு உயிரெல்லாம் போயிடுச்சும்மா, மெய்தான் மிச்சம்." (கைதட்டல்) தட்டாதீங்க. அன்னைக்கு எனக்கு அது சிரிப்பா இல்லை.

அப்போதான் என் மகன் வந்து நின்னான். டிப்ளமோ எலக்ட்ரானிக்ஸ் படிச்சுக்கிட்டிருந்தான். இரண்டு பேப்பர் அரியர். அதை இந்தச் சபையில் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருந்தான், சொல்லிட்டேன். (சிரிப்பு) "அம்மா, தாத்தாவுக்கு ஒரு கை விசைப்பலகை நாம செய்யலாம். விசைப்பலகை மட்டும் இல்லை, பெட்டியோட முழுக் கம்ப்யூட்டரே செய்யலாம். மடியில வச்சுக்கற மாதிரி" என்றான்.

என் வீட்டுக்காரர் கேட்டார்: "கம்ப்யூட்டரை எவன்டா வீட்டுல செய்வான்?"

எதிரணி அண்ணனும் இதைத்தானே கேட்டார்! அண்ணே, வீட்டிலேதான் செஞ்சாங்க. 1976-லே ஆப்பிள் முதல் கம்ப்யூட்டரை வித்தபோது வெறும் பலகையாத்தான் கொடுத்தாங்க. பெட்டி கிடையாது, விசைப்பலகை கிடையாது. வாங்கினவன்தான் தேடிக்கணும். மரத்தில் பெட்டி செஞ்சு போட்டுக்கிட்டவங்க இருந்தாங்க. மடிக்கணினி என்கிற எண்ணமே அட்டையிலே பிறந்தது. 1968-லே ஆலன் கே என்கிற அமெரிக்கர் அட்டையில் ஒரு மாதிரி செஞ்சு, அதுக்குள்ளே காரீயக் குண்டுகளைப் போட்டு, எவ்வளவு எடை வரைக்கும் கை தாங்குதுன்னு தூக்கிப் பார்த்தார். பாம் பைலட்னு 1996-லே ஒரு கையடக்கக் கருவி வந்ததே, அதைக் கண்டுபிடிச்ச ஜெஃப் ஹாக்கின்ஸ் அதுக்கு முன்னாடி ஒரு மரக்கட்டையைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு திரிஞ்சார். கூட்டத்திலே அதை எடுத்து ஒரு குச்சியாலே எழுதுற மாதிரி பாவனை பண்ணுவார். நம்ம ஊரா இருந்தா மந்திரிக்கக் கூட்டிட்டுப் போயிருப்போம். (பலத்த சிரிப்பு)

நம்ம தமிழுக்கே தட்டச்சு எப்படி வந்தது? யாழ்ப்பாணத்தில் பிறந்து மலாயாவுக்குப் பிழைக்கப் போன ஆர். முத்தையா, 247 எழுத்தை எப்படி ஒரு சின்ன மெஷினிலே அடக்குறதுன்னு உட்கார்ந்து மண்டையை உடைச்சு அமைச்சுக் கொடுத்தார். கடையில் கிடைக்கட்டும்னு அவர் காத்திருந்தா, எங்க அப்பாவுக்கு இன்ஸ்டிட்யூட் ஏது, எனக்குப் பள்ளிக்கூட ஃபீஸ் ஏது?

வேலையை ஆரம்பிச்சோம். முதல்ல எடை. ஆலன் கே காரீயம் போட்டார். நான் செருப்பு டப்பாவில் பச்சரிசி போட்டேன். இரண்டு கிலோ போட்டு அப்பாவை ஒரு கையால் தூக்கச் சொன்னேன். தூக்கினார், கை நடுங்குச்சு. கால் கிலோ எடுத்தேன். இன்னும் கால் கிலோ எடுத்தேன். ஒண்ணரைக் கிலோவிலே, "இது வரலாம்" என்றார். அதற்கு மேலே ஒரு கிராம் கூடாதுன்னு சுவத்திலே எழுதி வைத்தோம்.

அடுத்தது எழுத்து. உயிர் பன்னிரண்டு, மெய் பதினெட்டு, புள்ளி ஒண்ணு, ஆக முப்பத்தொண்ணு. இடைவெளி, அழிக்கிறது, அடுத்த வரி, முற்றுப்புள்ளி; ஆய்தம், கிரந்தம், எண்களுக்கு மாற்றிக்கொள்ள ஒரு விசை. முப்பத்தாறு. ஆறு வரிசை, வரிசைக்கு ஆறு. விசைக்கு விசை 19 மில்லிமீட்டர் இருந்தா நாலரை அங்குலச் சதுரம். ஒரு உள்ளங்கை அகலம்! ஒரே கை முழுக்க ஆளலாம்.

எந்த எழுத்தை எங்கே வைக்கிறது? அதை அப்பா எங்ககிட்டே விடவில்லை. "நீங்க ரெண்டு பேரும் சோல்டர் பண்ணுங்க. இது என் இலாகா" என்றார். ஒரு செய்தித்தாள் பக்கத்தை எடுத்து வைத்துக்கொண்டு, நோட்டிலே நாலு கோடு போட்டு குறுக்கே ஒரு கோடு, அந்தக் காலத்துப் பால் கணக்கு மாதிரி, ஒவ்வொரு எழுத்தையும் எண்ண ஆரம்பிச்சார். ஒன்பது நாள் எண்ணினார். எந்த எழுத்து அதிகம் வருதோ அது ஆள்காட்டி விரலுக்கும் நடு விரலுக்கும். ஔ போய் மூலையிலே உட்கார்ந்தது. பதினாலு மாசமா சுவரைப் பார்த்துக்கிட்டிருந்த மனுஷர் நோட்டுப் புத்தகத்தை மூடவே மாட்டேங்கிறார். சாப்பிடக் கூப்பிட்டா, "இரும்மா, ண-வை எண்ணிக்கிட்டிருக்கேன்" என்பார். நடுவர் அவர்களே, அந்த மெஷின் வேலை செய்யாமலே போயிருந்தாலும் எனக்கு அந்த ஒன்பது நாள் போதும்.

முப்பத்தாறு விசைக்கும் தனித்தனியா கம்பி இழுக்கணுமா? வேண்டாம். இது நான் எட்டாங்கிளாஸ் பிள்ளைக்கே சொல்ற கணக்கு. கிழக்கு மேற்கா ஆறு தெரு, வடக்கு தெற்கா ஆறு தெரு. ஒவ்வொரு முச்சந்தியிலும், தப்பு, நாற்சந்தியிலும் ஒரு விசை. விசையை அமுக்கினா இரண்டு தெருவும் சேருது. கட்டுப்படுத்துற சின்னப் பலகை ஒவ்வொரு தெருவா மின்சாரம் அனுப்பி, எங்கே வெளியே வருதுன்னு பார்க்குது. பன்னிரண்டு கம்பி போதும். ஆனா ஒரு வில்லங்கம். ஒரு சதுரத்தின் மூணு மூலையை ஒரே நேரத்தில் அமுக்கினா, மின்சாரம் சுத்துவழியா வந்து நாலாவது மூலையும் அமுங்கின மாதிரி காட்டும். அடிக்காத எழுத்து வந்து நிக்கும். பேய் எழுத்து! அதைத் தடுக்க ஒவ்வொரு விசைக்கும் ஒரு டயோடு. அது ஒருவழிப் பாதை போலீஸ்காரர். போன மின்சாரம் திரும்பி வர முடியாது. ரிச்சி தெருவிலே என் மகன் ஒரு கைப்பிடி டயோடு வாங்கிட்டு வந்தான், சுண்டல் வாங்குற மாதிரி.

விசையை உட்கார வைக்கிற தகட்டுக்குப் பக்கத்துத் தெரு தச்சரிடம் போனேன். எங்க வீட்டுக் கதவு ஜன்னல் எல்லாம் அவர் கை வேலை. "அண்ணே, 14 மில்லி சதுரத்தில் முப்பத்தாறு ஓட்டை வேணும்." அவர் என்னைப் பார்த்தார், உளியைப் பார்த்தார். "டீச்சர், பெட்டி கேளுங்க, செஞ்சு தர்றேன். இடியாப்ப அச்சு கேக்காதீங்க" என்றார். (சிரிப்பு) கடைசியில் பெயர்ப்பலகை செய்யற கடையிலே அக்ரிலிக் தகட்டில் வெட்டி வாங்கினோம். அவங்ககிட்டே இருந்தது 3 மில்லி தகடு. விசை கவ்விப் பிடிக்க ஒண்ணரை மில்லிதான் சரி. கவ்வலை. பசை வைத்து ஒட்டினோம். அது எங்க தப்பு, கேட்டுட்டு வெட்டியிருக்கணும்.

என் மகன் ராத்திரி ராத்திரியா உட்கார்ந்து முப்பத்தாறு விசையையும் சோல்டர் வைத்து முடித்தான். அப்பா விபூதி பூசிக்கிட்டு வந்து உட்கார்ந்தார். முதல் எழுத்து அ அடிச்சார். வேற எழுத்து வந்தது. க அடிச்சார். அதுவும் வேற. எதை அடிச்சாலும் எதிர்ப்பக்கத்து எழுத்து வருது! என் வீட்டுக்காரர் பின்னாலே நின்னு, "முப்பதாயிரம் டேப்லெட்டாவது கிட்டத்தட்ட எழுதுச்சு" என்றார். (பலத்த சிரிப்பு)

என்ன நடந்தது தெரியுங்களா? கம்பி வைக்கிறது அடிப்பக்கத்திலே. கவிழ்த்துப் போட்டா இடது வலதாகும், வலது இடதாகும். இருபத்தேழு வருஷமா கண்ணாடி பிம்பம் நடத்துற டீச்சர் நான்! பக்கத்தில் இருந்தும் கவனிக்கலை. பிள்ளை அழுகிற நிலைமைக்கு வந்துட்டான். எல்லாக் கம்பியையும் பிரிக்கணுமான்னு நான் கேட்டேன். அவன் கொஞ்ச நேரம் யோசிச்சுட்டு, "வேண்டாம்மா, கம்பி அப்படியே இருக்கட்டும். எந்தச் சந்தியில் எந்த எழுத்துன்னு சொல்ற அட்டவணை நிரலுக்குள்ளேதானே இருக்கு, அதைத் திருப்பிடறேன்" என்றான். விசைப்பலகை செய்றவங்களுக்குன்னே க்யூ.எம்.கே. என்று ஓர் இலவச நிரல் இருக்கு. அதிலே ஆறு வரி மாத்தினான். காபி ஆறுறதுக்குள்ளே எல்லாம் நேராச்சு. அப்பா சொன்னார்: "என் ஃபேசிட்ல இப்படி ஆகியிருந்தா மெஷினையே பிரிச்சிருக்கணும்டா பேரா." ஒரே ஒரு விசை மட்டும் செத்துக் கிடந்தது. டயோடைத் தலைகீழா வச்சிருந்தான். போலீஸ்காரர் எதிர்த்திசையில் நின்னுட்டார்.

இன்னொரு சங்கதி. விசையை ஒரு தடவை அமுக்கினா, உள்ளே இருக்கிற உலோகம் சில ஆயிரத்தில் ஒரு நொடிக்குத் துள்ளும். அதை அப்படியே விட்டா ஒரு அ-வுக்கு மூணு அ விழும். நிரல் ஒரு 5 மில்லி நொடி பொறுத்துப் பார்த்துட்டுத்தான் எழுத்தை ஏத்துக்கும். எங்க அப்பாவுக்கு வயசான கை. நல்ல கையும் லேசா நடுங்கும். அவருக்காக அதை 60 ஆக்கினோம். அண்ணே, எந்தக் கடையில் போய், "எங்க அப்பா கை நடுங்குற அளவுக்கு ஒண்ணு கொடுங்க" என்று கேட்பீங்க? (பலத்த கைதட்டல்)

பெட்டிக்கு வர்றேன். நடுவர் மணியைப் பார்க்கிறார், சீக்கிரம் வர்றேன். தச்சர் அண்ணன் மெல்லிய ஒட்டுப்பலகையிலே டிரங்குப் பெட்டி மாதிரி இரண்டு பாதி செஞ்சு கீல் போட்டார். ஓரத்துக்கு மட்டும் தேக்குச் சட்டம். மூடியிலே ஏழு அங்குலத் திரை. அதன் முதுகிலேயே ராஸ்பெர்ரி பை என்கிற சின்னக் கம்ப்யூட்டர் பலகை. அதன் பக்கத்திலேயே பவர் பேங்க். திறந்து வைத்தோம். பெட்டி பின்னாலே மல்லாந்து விழுந்தது. மூடி கனம், அடி லேசு! எடையை எல்லாம் தலையில் வைத்தால் விழாமல் என்ன செய்யும்? பவர் பேங்கை அடிப்பாதியின் முன்பக்கம், கை வைக்கிற இடத்துக்குக் கீழே கொண்டுவந்தோம். கம்ப்யூட்டர் பலகையையும் கீழே இறக்கினோம். மூடி மேலும் சாயாம இருக்க ஒரு தோல் வார். நின்னுச்சு.

நின்னது, ஆனா சூடாச்சு. அந்தப் பலகை 80 டிகிரியைத் தொட்டா தன் வேகத்தைத் தானே குறைச்சுக்கும். மர டப்பாவுக்குள்ளே மூடி வச்சா மே மாசம் தேவகோட்டை மாதிரிதான். தச்சர் அண்ணன் யாரையும் கேட்கலை. பக்கத்திலே தாழ நாலு துளை, பின்னாலே உயரத்தில் எட்டுத் துளை போட்டார். "குளிர்ந்த காத்து கீழே போகும், சூட்டுக் காத்து மேலே வரும். அடுப்படிக்குப் புகைபோக்கி வைக்கறதில்லையா டீச்சர்?" என்று என்னையே கேட்டார். நான் இயற்பியல் டீச்சர்!

அப்புறம் ஒரு விஷயம், எதிரணிக்கு நானே எடுத்துக் கொடுக்கிறேன். என் மகன் பழைய லேப்டாப்பிலிருந்து லித்தியம் செல்லை உருவி, தானே பேட்டரி கட்டறேன்னான். என் வீட்டுக்காரர், "அதை மட்டும் தொட்டே, நான் மனுஷனா இருக்க மாட்டேன். தப்பா சேர்ந்தா தீப்பிடிக்கும். பவர் பேங்க் நான் வாங்கித் தர்றேன்" என்றார். அவர் சொன்னதுதான் சரி. வீட்டில் இருந்த பழைய பவர் பேங்க் போதுமான மின்சாரம் கொடுக்காம, திரையிலே ஒரு மின்னல் படம் வந்து எச்சரிக்கை பண்ணிக்கிட்டே இருந்தது. 5 வோல்ட், 3 ஆம்பியர் தாங்குற புதுசை அவர்தான் வாங்கிட்டு வந்தார்.

"பார்த்தீங்களா, பவர் பேங்க் வாங்கினது, திரை வாங்கினது, விசை வாங்கினது, பலகை வாங்கினது. அப்புறம் என்ன நீங்க செஞ்சீங்க?" என்று அண்ணன் சிரிக்கிறார். அண்ணே, அரிசியும் உளுந்தும் கடையிலே வாங்கினா, உங்க வீட்டு இட்லி ஹோட்டல் இட்லி ஆயிடுமா? (பலத்த கைதட்டல்) செலவையும் ஒளிக்கலை. 18,000 ரூபாய்க்கு மேலே ஆச்சு. அந்தப் பணத்துக்கு நல்ல பழைய லேப்டாப் வந்திருக்கும். என் மகன் விரலில் மூணு சூட்டுத் தழும்பு. அதுவும் கணக்கிலே இருக்கட்டும்.

பெட்டியிலே விசைகள் வலது பக்கம். இடது பக்கம் பாதி இடம் காலி. அங்கே ஒரு துண்டுக் கம்பளியை ஒட்டினோம். பிசியோதெரபி பார்க்கிறவர்கிட்டே கேட்டுக்கிட்டு, அப்பாவோட இடது கையை எடுத்து அதன் மேலே வைத்தோம். சாய்வு நாற்காலியின் இரண்டு கைக்கும் குறுக்கே ஒரு பலகை, அதன் மேலே பெட்டி. ஒரு கையால் தட்டும்போது பெட்டி நழுவணுமே, நழுவலை. ஏன்னா இடது கையோட கனம் அதைப் பிடிச்சுக்கிச்சு. அப்பா அந்தக் கையைக் குனிஞ்சு பார்த்து, "பரவாயில்லையே, உனக்கும் உத்தியோகம் கிடைச்சிருச்சு" என்றார்.

விசை மேலே எழுத்து ஒட்டலாமான்னு கேட்டேன். கோபம் வந்துடுச்சு. "மாஸ்டர் கீயைப் பார்த்து அடிக்கிறதா?" எழுபத்தெட்டு வயசிலே தானே தனக்குப் பாடம் தயார் பண்ணினார். முதல் பாடம், இரண்டாம் பாடம், இன்ஸ்டிட்யூட்டிலே கொடுப்பாரே அதே மாதிரி. நாற்பது வருஷமா ஒற்றைக்கொம்பை முதலில் அடிச்சு, க அடிச்சு, கால் போட்டவர். இப்போ க, அப்புறம் ஒ. எழுதுற வரிசை போய் சொல்ற வரிசை. விரல் பழசுக்கே ஓடும். தன்னையே திட்டிக்குவார்: "டேய், கவனம் எங்கேடா?" என்று மாணவனைத் திட்டுற மாதிரி. காலையில் அஞ்சு மணிக்கு டக் டக் டக். சத்தம் வர்ற விசைதான் வேணும்னு அவரே பொறுக்கினது. என் வீட்டுக்காரருக்குத் தூக்கம் போச்சு. ஆனா ஒருநாள் சத்தம் வரலைன்னா, "மாமா எழுந்துட்டாரான்னு பாரு" என்று என்னை எழுப்புறவரும் அவர்தான். (கைதட்டல்)

மூணு மாசம் ஆச்சு. ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் சந்தைக்குப் போயிட்டு வர்றேன். திண்ணையிலே ஓர் அம்மா உட்கார்ந்திருக்காங்க. வீட்டுக்காரர் தவறிப்போய் உதவித்தொகைக்கு அலையறவங்க. கையிலே ஒரு மஞ்சப்பை. அப்பா கண்ணாடியைப் போட்டுக்கிட்டு, "மெதுவாச் சொல்லுங்க, தேதி சரியா சொல்லுங்க" என்று கேட்டுக் கேட்டு அடிச்சுக்கிட்டிருக்கார். நான் வாசலிலேயே நின்னுட்டேன். முடிச்சதும் பென் டிரைவை என் மகன்கிட்டே கொடுத்து, "ஜெராக்ஸ் கடையிலே இரண்டு காப்பி. ஒண்ணு அவங்களுக்கு, ஒண்ணு ஃபைலுக்கு" என்றார். ஃபைலுக்கு! அந்த ஃபைலை நாங்க எப்பவோ பரண் மேலே போட்டிருந்தோம். மகன் ஏணி வைத்து ஏறி எடுத்தான்.

அந்த மனு என்ன ஆச்சுன்னு கேட்கிறீங்களா? பரிசீலனையில் இருக்காம். (சிரிப்பு) அப்பா இரண்டாவது மனு அடிச்சாச்சு, மூணாவதுக்கும் தயார்.

பழைய இரும்புக்காரர் இப்பவும் எங்க தெருவுக்கு வர்றார். அந்தத் தமிழ் மெஷின் ஹாலிலேதான் இருக்கு, தூசி தட்டி வச்சிருக்கோம். அது பக்கத்திலே இந்த மரப்பெட்டி. என் மகன் ஒரு அரியரை முடிச்சுட்டான், இன்னொண்ணு பாக்கி.

நடுவர்: டீச்சர், மணி அடிச்சாச்சு!

ஒரே ஒரு நிமிஷம், ஐயா. நான் கையிலே வச்சிருக்கேனே இந்தக் காகிதம், இன்றைக்குப் பேச வேண்டிய குறிப்பு. என் கையெழுத்திலே எழுதி வச்சிருந்தேன். நேத்து ராத்திரி அப்பா வாங்கிப் படிச்சுட்டு, "இதை வச்சுக்கிட்டா மேடைக்குப் போறே?" என்று கேட்டுட்டு, விடியறதுக்குள்ளே சுத்தமா அடிச்சுக் கொடுத்துட்டார். பதினொரு இடத்தில் ஒற்று விட்டிருந்தேனாம். கடைசியிலே அவரா ஒரு வரி சேர்த்திருக்கார்: 'நேரத்துக்குள் முடிக்கவும்.' (பலத்த சிரிப்பு, கைதட்டல்)

நல்ல தீர்ப்புத் தாங்க ஐயா.